நெருக்கடி நாட்களில் பிள்ளை பார்க்கும் வீடுகளுக்கு அரசு நிதி: எந்த வழியில் கொடுப்பது?

வட சென்னையில் வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையை விட்டுச் செல்லப் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, பக்கத்துத் தெருவில் இருக்கும் பால்வாடி. மற்றொன்று, நான்கைந்து வீடு தள்ளி, பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல், ஓர் அக்காவோ ஆயாவோ எட்டுப் பத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு. முதலாவதற்கு அரசு ஊதியமும் அரசு அரிசியும் உண்டு. இரண்டாவது, பெற்றோர் மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் மட்டுமே நடக்கிறது. வெள்ளமோ தொற்றுநோயோ வாயுக் கசிவோ வந்து அந்தப் பணம் நின்றுபோனால், அந்த வீடும் கதவைச் சாத்திவிடும். அப்படிச் சாத்தாமல் இருக்கப் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த வழியில் செலவிடுவது என்பதைத்தான் நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது. பெற்றோர் கையில் பணமாகக் கொடுக்கலாம். பிள்ளை பார்ப்பவருக்குக் கடனாகக் கொடுக்கலாம். அவருக்கே திருப்பித் தர வேண்டாத மானியமாகக் கொடுக்கலாம். இவை எதுவும் வேண்டாம் என்று அரசின் சொந்தப் பால்வாடிகளையே விரிவாக்கலாம். நான்கும் செய்யத்தக்கவைதான், ஆனால் நான்கும் ஒரே விளைவைத் தருவன அல்ல.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபோது, வியாசர்பாடியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாட்கள் பிடித்தன. பக்கத்துச் சந்தில் ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் வீட்டில் பாய்கள், தலையணைகள், தூளிச் சேலைகள், கேஸ் அடுப்பு, பால் பவுடர் டப்பாக்கள் என்று கீழே இருந்த எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிவிட்டன. அந்தச் சாமான்களே அவருடைய தொழில் முதல். ரேஷன் கடை வழியாக அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் அவருக்கும் கிடைத்தது; மற்ற எல்லாக் குடும்பங்களையும் போல, ஒரு குடும்பம் என்ற முறையில் கிடைத்தது. அது வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் போயிற்று. போகத்தான் வேண்டும். பிள்ளைகளை மறுபடியும் அவர் வாங்கிக்கொள்ள இருபது நாளுக்கு மேலாயிற்று. அதற்குள் அந்தத் தாய்மாரில் மூவர் வேலையை இழந்திருந்தார்கள். இன்னொருவர் ஊரிலிருந்து மாமியாரை வரவழைத்துக்கொண்டார். ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பேர்தான் திரும்பி வந்தார்கள். ஒன்பது பேருக்காக எடுத்த வாடகை வீட்டை ஐந்து பேரின் பணத்தில் நடத்த முடியாமல், பொங்கல் கழிந்ததும் அவர் அதைக் காலி செய்தார்.

இத்தகைய வீடுகளின் வரவு செலவைப் புரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது என்பதால், ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பிள்ளைகள், தலைக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 12,000. இடத்து வாடகை 5,000, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 4,000, கேஸ், பால், சோப்பு, மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 1,000. மீதி 2,000 ரூபாய்தான் அந்த அக்காவின் மாத வருமானம். இப்போது இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டால் வரவில் 3,000 குறையும். செலவில் பால் பாக்கெட் ஒன்றிரண்டைத் தவிர வேறெதுவும் குறையாது. அதாவது, நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் குறைந்த மாதமே அவர் கைப்பணத்தைப் போட்டு நடத்தும் நிலைக்கு வந்துவிடுகிறார். துணிக்கடையில் இரண்டு வாடிக்கையாளர் குறைவதும் இங்கே இரண்டு பிள்ளைகள் குறைவதும் ஒன்றல்ல. செலவு முழுவதும் இடத்தைச் சார்ந்ததாகவும், வரவு முழுவதும் தலைக்கணக்கைச் சார்ந்ததாகவும் இருக்கும் தொழில் இது.

நெருக்கடிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும், ஆனால் பொருள்களை அழித்துவிட்டுப் போகும். 2020இல் வந்த தொற்று ஒரு தலையணையைக்கூடத் தொடவில்லை. மாதக்கணக்கில் வருமானத்தை நிறுத்தியது. அந்த ஆண்டு மே மாதத்தில் சென்னை மண்டலங்களுக்குள் ராயபுரத்தில்தான் தொற்று மிகுதியாக இருந்தது. அங்கிருந்து வீட்டுவேலைக்குப் போன பெண்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன வீடுகள் பல. தாய்க்கு வேலையில்லை என்றால் பிள்ளை பார்ப்பவருக்கும் வேலையில்லை. எண்ணூரின் நிலை வேறு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றங்கரை வீடுகளில் படிந்தது; அதைத் துடைத்து முடிப்பதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடினார்கள். பொருள் இழப்பு, வருமான இழப்பு, இடமே பாதுகாப்பற்றுப் போவது ஆகிய மூன்று நிலைகளுக்கும் எந்த உதவி வழி பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

பெற்றோர் கையில் பணம் கொடுக்கும் வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தமிழ்நாட்டில் அரசுக்கு நன்கு பழகிய வழி அதுதான். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய், 2021இல் இரண்டு தவணைகளாக 4,000 ரூபாய், மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் என்று எல்லாம் ரேஷன் அட்டைப் பட்டியலைக் கொண்டே கொடுக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கு வரை போய்ச் சேரும் பாதையை உருவாக்கிவிட்டது. பட்டியல் தயாராக இருக்கிறது, இடைத்தரகர் இல்லை, எதற்குச் செலவிடுவது என்பதைத் தாயே முடிவு செய்கிறார். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட நோக்கத்துக்கு இந்த வழி கைகொடுக்காது. பிள்ளை பார்க்கும் வீடு மூடிக்கிடக்கும்போது தாயின் கையில் இருக்கும் பணத்தால் அதைத் திறக்க முடியாது. எட்டுத் தாய்மாரும் ஒரே நாளில் ஒன்றுகூடி, அந்தப் பணத்தை அக்காவிடம் கொடுத்து, வாடகை கட்டுங்கள் என்று சொன்னால்தான் அது நடக்கும். அடுப்பெரியாத வாரத்தில் யாரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெற்றோருக்கான நிவாரணம் தொடரட்டும். அதைப் பிள்ளைப் பராமரிப்புக்கான நிதி என்று கணக்கெழுதக் கூடாது என்பதே என் நிலை.

கடன் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் சாலையோர வியாபாரிகளுக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை கொடுத்த ஸ்வநிதி திட்டம், தள்ளுவண்டிக்காரருக்குப் பொருத்தமானது. சரக்கு வாங்கி விற்றால் முதல் திரும்பி வரும். அதே ஆண்டு சிறு தொழில்களுக்கு வந்த அவசரகாலக் கடன் உத்தரவாதம், ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கடன் நிலுவையின் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்தது. வங்கிக் கணக்கேட்டிலேயே இல்லாத பெண்ணுக்கு அதில் இடமில்லை. மாதம் 2,000 ரூபாய் மிஞ்சும் தொழிலில், பிள்ளைகள் வராத மாதங்களின் வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினால், பிள்ளைகள் வந்த பிறகு அந்தத் தவணையை எதிலிருந்து கட்டுவது? இப்போதே இந்த வீடுகள் பலவற்றில் நெருக்கடிக்குக் கைகொடுப்பது, வட்டிக்குக் கொடுத்து அன்றாடம் வசூலிக்கும் தண்டல்காரர்தான். அரசும் வட்டி குறைந்த தண்டலாக வந்து நிற்கத் தேவையில்லை.

மூன்றாவது வழியான மானியத்தில்தான் விவரங்கள் மிகுதி, தவறு செய்யவும் இடம் மிகுதி. மற்ற நாடுகள் 2020க்குப் பிறகு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கின்றன என்பதால், அவற்றின் அனுபவத்தைப் பார்ப்பது பயன் தரும். ஆஸ்திரேலியாவில் 2020 ஏப்ரல் 6 முதல் ஜூலை 12 வரை பெற்றோருக்குக் காப்பகம் இலவசம் என்று அறிவித்து, தொற்றுக்கு முந்தைய இரண்டு வாரங்களின் கட்டண வருவாயில் பாதியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசே காப்பகங்களுக்குக் கொடுத்தது. பிள்ளைகள் வராத வாரங்களில் அது உயிர்காத்தது. ஆனால் பிள்ளைகள் திரும்பத் தொடங்கியபோது சிக்கல் வந்தது: எத்தனை பேர் வந்தாலும் அதே பாதித் தொகைதான், பெற்றோரிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. கூடுதல் பிள்ளையைச் சேர்த்தால் செலவு மட்டும் கூடும் என்பதால் சில காப்பகங்கள் இடமில்லை என்று சொல்ல நேர்ந்தது. அமெரிக்காவில் 2021 மார்ச்சில் நிறைவேறிய மீட்புச் சட்டம் 2,400 கோடி டாலரைக் காப்பகங்களை நிலைநிறுத்துவதற்கென்றே ஒதுக்கியது. வாடகை, ஊதியம், துப்புரவுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அதைச் செலவிடலாம். ஊழியரின் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்றும், இயன்றவரை பெற்றோரின் கட்டணச் சுமையைத் தளர்த்த வேண்டும் என்றும் நிபந்தனைகள் இருந்தன. வீடுகளில் பிள்ளை பார்ப்பவர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்த நிதி 2023 செப்டம்பர் 30இல் முடிந்தபோது, இனி என்ன செய்வது என்ற கவலை அங்கும் எழுந்தது.

நம் தெருக்களுக்கும் அந்த நாடுகளுக்கும் பணத்தின் அளவில் ஒப்பீடே இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது, மானியத்தை எதை வைத்துக் கணக்கிடுவது என்ற ஒன்றைத்தான். அன்றன்று வந்த பிள்ளைகளின் வருகையை வைத்துக் கொடுத்தால், பிள்ளைகள் வராத நாளில், அதாவது உதவி மிகவும் தேவைப்படும் நாளில், உதவி சுருங்கிவிடும். சேர்ந்திருந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துக் கொடுத்தால் இடம் காப்பாற்றப்படும். அரசு அதிகாரிகளுக்கு வருகைப் பதிவேடுதான் பிடிக்கும், ஏனெனில் தணிக்கைக்கு அது எளிது. சத்துணவில் முட்டைக் கணக்கு எழுதுவது போல எழுதிவிடலாம். ஆனால் வாடகை வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குறைவதில்லை. ஆகவே நெருக்கடிக்கு முந்தைய மாதத்துச் சேர்க்கையை அடிப்படையாக வைத்து, பிள்ளைகள் திரும்பி வர வர மானிய வரம்பை உயர்த்திக்கொள்ள இடம் விட்டு, பெற்றோரிடம் குறைந்த கட்டணம் வாங்கவும் அனுமதித்தால், ஆஸ்திரேலியாவில் நேர்ந்த இடமறுப்பு இங்கே நேராது.

நான்காவது வழி, பால்வாடியையே விரிவாக்குவது. கொள்கை அளவில் எனக்கு மிகவும் உவப்பானது இதுவே. 1975 அக்டோபர் 2இல் ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது; 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைப் பால்வாடிப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தது இந்த மாநிலத்தின் பெருமைக்குரிய செயல். இன்று தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒன்றிய அரசின் தேசியக் காப்பகத் திட்டம் 2022இல் பால்னா என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற அமைப்புக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. நிரந்தரத் தீர்வு அந்தத் திசையில்தான் இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டமும் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமும் காப்பகம் வைக்கச் சொன்னது பெரிய நிறுவனங்களைத்தான். அண்ணா நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டங்களால் ஒரு தூளிகூடக் கிடைத்ததில்லை. ஆகவே அவருக்கு அரசுக் காப்பகம் வேண்டும்.

ஆனால் நெருக்கடிக்கால உதவி என்ற அளவில் பார்த்தால் இந்த வழியில் மூன்று இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, நெருக்கடியில் முதலில் மூடச் சொல்லி உத்தரவு வருவது பால்வாடிக்குத்தான். 2020 மார்ச்சில் மூடப்பட்டவற்றைத் திறப்பது பற்றி 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கன்வாடி ஊழியர்கள் வீடு வீடாக உலர் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பெரும் தொண்டு அது, ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டாவது, வயது. இங்கே பால்வாடிக்கு இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளே வருகிறார்கள். ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் தாய்க்கு அது பயன்படாது. மூன்றாவது, நேரம். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் பெண்கள் புறப்படுவது விடிவதற்கு வெகு முன்னால். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள் வீடு திரும்புவது இரவு ஒன்பதுக்கு மேல். பகலில் திறந்து மாலைக்குள் பூட்டும் மையம், எவ்வளவு நன்றாக நடந்தாலும், இவர்களின் நாளோடு பொருந்துவதில்லை. இந்த இடைவெளியைத்தான் பெயர்ப்பலகை இல்லாத வீடுகள் நிரப்புகின்றன. காப்பகங்களைக் கட்டி முடிக்க ஆகும் ஆண்டுகளில் வரக்கூடிய வெள்ளங்களுக்கு அந்த வீடுகளே நமக்குத் துணை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, நெருக்கடிக் காலத்துக்கு மானிய வழியே சிறந்தது என்று நான் முடிவு செய்கிறேன்: சேர்க்கையை அடிப்படையாகக் கொண்டு, மூன்று மாதங்களுக்கு மாதாமாதம், வெள்ளமென்றால் அதற்கு மேல் பாய், அடுப்பு, பாத்திரம் வாங்க ஒருமுறைத் தொகை. பேரிடர் நிவாரண விதிகளில் மீனவருக்குப் படகும் வலையும், நெசவாளருக்குத் தறியும் தொழிற்கருவியாக மதிக்கப்பட்டு உதவி கிடைக்கிறது. தூளிச் சேலையையும் பால் காய்ச்சும் பாத்திரத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மேலே போட்ட மாதிரிக் கணக்கின்படி, பாதி வரவை ஈடுசெய்ய ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் ஆகும். ஒரு மண்டலத்தில் நூறு வீடுகளுக்கு மூன்று மாதம் கொடுத்தால் 18 லட்சம். அந்த 18 லட்சம் எண்ணூறு தாய்மாரின் வேலையைக் காப்பாற்றும். வட சென்னை வளர்ச்சிக்கென்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தொகையே 1,000 கோடி ரூபாய். அதன் அருகில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

மானியத்துக்கு எதிரான வலுவான வாதம், பட்டியலே இல்லாதபோது யாருக்குக் கொடுப்பது என்பது. அதற்கான விடை காசிமேட்டிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதற்கென்று மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது, 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்தப் பணம் முறையாகப் போய்ச் சேருவதற்குக் காரணம், மீனவர் பட்டியல் முன்பே எழுதப்பட்டு இருப்பதுதான். பிள்ளை பார்ப்பவர்களின் பட்டியலையும் அமைதிக் காலத்திலேயே எழுத வேண்டும். வேடிக்கையாகப் படலாம், ஆனால் உண்மை: அதே தடைக்காலத்தில் ஏலத்துக்குப் போகாத தாய்மார் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்வதால், அந்தத் தெருக்களில் பிள்ளை பார்ப்பவர்களுக்கும் இரண்டு மாதம் வருமானம் சரிகிறது. அவர்கள் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பட்டியல் என்றதும் அந்தப் பெண்களுக்கு அச்சம் வருவது இயல்பு. பதிவு செய்தால் மின் இணைப்பைக் கடைக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, தீயணைப்புச் சான்று கேட்பார்களோ என்று நான் பேசிய அனைவரும் கேட்டார்கள். ஆகவே முதல் பதிவு, பெயர், முகவரி, பிள்ளைகளின் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு ஆகிய நான்கோடு நிற்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் வரை பார்ப்பவரின் வீட்டை வீடாகவே கருத வேண்டும் என்று மாநகராட்சி எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அந்தந்த வார்டின் பால்வாடி டீச்சருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும் எந்தச் சந்தில் யார் பிள்ளை பார்க்கிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். தடுப்பூசிக்காக அவர்கள் அந்தப் படிகளை ஏறி இறங்குகிறவர்கள்தான். போலிப் பெயர்கள் நுழையாமல் இருக்க, பட்டியலை, வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் உரக்கப் படித்தாலே போதும்.

பாதுகாப்பற்ற இடங்களுக்கு அரசே அங்கீகாரம் கொடுப்பதாகிவிடாதா என்று குழந்தைகள் நலனில் அக்கறையுள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றோட்டமில்லாத அறையில் பதினைந்து பிள்ளைகளை அடைத்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டியலில் இல்லாத இடத்துக்குச் செவிலியர் போய்ப் பார்க்க வழியே இல்லை. பணம் வாங்கும் இடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை பார்வையிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தடுப்பு, ஓர் ஆளுக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்ற வரம்பு ஆகியவற்றைக் கேட்கலாம். உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் மானியத்தோடு சேர்ந்து வர வேண்டும். நெருக்கடியில் முதலில் நிறுத்தப்படுவது அவர்தான்.

எண்ணூர் போன்ற இடங்களுக்கு மட்டும் இந்த வழி முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாயு கசிந்த தெருவில் வாடகையைக் கொடுத்து அதே வீட்டைத் திறந்து வைக்கச் சொல்வது தவறு. அங்கே மானியத்தை இடத்தோடு கட்டாமல், பிள்ளை பார்க்கும் பெண்ணோடு கட்டி, அவர் தற்காலிகமாக ஒரு சமுதாயக் கூடத்திலோ மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையிலோ அதே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். முகம் தெரிந்தவர் கூட இருந்தால் பிள்ளைகளும் கொஞ்சம் தூங்குவார்கள்.

காசிமேட்டில் பின்னிரவு இரண்டு மணி முதல் பிள்ளை பார்ப்பவர்களுக்கு மற்றவர்களைப் போலவே தலைக்கணக்கில் கொடுப்பதா, இரவு நேரத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதா என்பதில் எனக்குள்ளேயே இன்னும் தெளிவு பிறக்கவில்லை. ஏலத்துக்குப் போகும் பெண்களிடமே அதைக் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பட்டியல் எழுத வார்டுக்கு இரண்டு வாரம், பகுதி சபையில் படிக்க ஒரு நாள், வங்கிக் கணக்குகளைச் சரிபார்க்க ஒரு மாதம் என்று வைத்தால், ஜூலையில் தொடங்கினால்தான் மழைக்கு முன் முடியும்.